அறமும் கட்டளையும்

மைசூர்த் தெருக்களில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒன்று கண்ணில் படும். பொதுநலத்துக்காகச் சொத்தை ஒதுக்கி நடத்தும் அமைப்புகளுக்குக் கன்னடத்தில் பல பெயர்கள் உண்டு. ‘தர்மசம்ஸ்தெ’ என்கிறது ஒரு பலகை. ‘பிரதிஷ்டான’ என்கிறது இன்னொன்று. ‘விஸ்வஸ்த மண்டளி’, ‘நியாச’, ‘தத்தி’ என்றும் வழங்குகின்றன. ஆங்கிலத்திலிருந்து வந்த ‘டிரஸ்ட்’ எல்லாத் தெருவிலும் இருக்கிறது. அரசு மேற்பார்வையில் உள்ள கோயில்களைப் பற்றிப் பேசினால் ‘முஜராயி’ என்ற சொல் வந்துவிடும். தமிழ்நாட்டில் நாம் இவை அனைத்தையும் ஒரே பெயரால் அழைக்கிறோம்: அறக்கட்டளை.

அழகான பெயர்தான். ஆனால் ஏழை மாணவருக்குப் பள்ளி நடத்தும் அமைப்பும், பேரப்பிள்ளைகளுக்காகத் தாத்தா ஒதுக்கிய வீட்டுச் சொத்தும், பரஸ்பர நிதியத்தின் சட்ட வடிவமும் இந்த ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. சொல் எங்கிருந்து புறப்பட்டது, வழியில் என்னென்ன சுமந்தது, எங்கே அதன் மேல் தகாத பாரம் ஏறியது என்று பார்ப்பது சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரிய வேலையாக எனக்குப் படவில்லை. ஊர்ச் சொத்து எது, வீட்டுச் சொத்து எது என்ற தெளிவும் அதில்தான் இருக்கிறது.

கட்டளை என்ற அளவு

இன்று ‘கட்டளை’ என்றதும் அதிகாரக் குரல்தான் காதில் விழுகிறது. மேலே இருப்பவர் இடுவது, கீழே இருப்பவர் பணிவது. கிறித்தவ வேதத்தின் பத்துக் கட்டளைகளும் படைத்துறைக் கட்டளையும் இந்தப் பொருளை அழுத்தமாகப் பதித்துவிட்டன. பழைய தமிழில் இச்சொல்லின் இருப்பிடம் வேறு. பொன்னின் தரத்தை உரைத்துப் பார்க்கும் கல் கட்டளைக்கல். ஒருவரின் பெருமை சிறுமையை அறிய அவர் செயலே அத்தகைய கல் என்று வள்ளுவர் அதை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். செங்கல் அறுக்கும் அச்சு கட்டளை. நிறுக்கும் தராசுக்கும் அந்தப் பெயர் உண்டு. யாப்பில் கட்டளைக் கலித்துறை என்ற பா வகை, அடிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணி அமைப்பது: நேரசையில் தொடங்கினால் ஒற்று நீங்கலாக 16, நிரையசையில் தொடங்கினால் 17.

உரைகல், அச்சு, தராசு, எழுத்தெண்ணிக்கை நான்கிலும் பொதுவாக இருப்பது ஏவல் அன்று, அளவு. ஒரு பொருள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்து, பிறகு அந்த வரையறையை வைத்தே அதைச் சோதிப்பது. அகராதிகள் இச்சொல்லைக் ‘கட்டு’ என்ற வினையோடு சேர்க்கின்றன. கன்னடத்தில் ‘கட்டளெ’ என்றால் விதி, நியதி. சம்பிரதாய ஒழுங்குகளைக் ‘கட்டு கட்டளெ’ என்று இணைமொழியாகவே சொல்வார்கள். தெலுங்கில் ‘கட்டட’ என்பதும் நியமம்தான். தென்னாட்டு மொழிகள் மூன்றும் கட்டப்பட்ட ஒழுங்கு என்ற பொருளைப் பகிர்ந்துகொள்ள, அந்த ஒழுங்கைக் கொடைச் சொத்தின் பெயராகவே ஆக்கிக்கொண்டது தமிழ்.

மைசூருக்குப் போன மைப்படிகள்

தமிழ்நாட்டில் அறச்சொத்துகள் எப்படிப் பெயர் பெற்றன என்பதற்கான சான்றுகளில் பெரும்பகுதி கோயில் சுவர்களில் இருக்கிறது. அந்தச் சுவர்களின் படிகளோ நெடுங்காலம் மைசூரில் இருந்தன. 1886இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டபோது தொடங்கியது இந்தப் பணி. ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கச் செய்து, மேலே மை ஒற்றி எடுப்பதே மைப்படி. இப்படி எடுத்த ஆயிரக்கணக்கான படிகளைக் காத்துவந்த கல்வெட்டுப் பிரிவு ஊட்டியில் இருந்தது. 1966இல் மைசூருக்கு மாறியது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் ஆணையிட்டது. அதுவரை, தமிழ் அறக்கொடைகளின் வரலாற்றை மூலத்தோடு ஒப்பிட விரும்பிய ஆய்வாளர் மைசூருக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது.

மைசூர் மண்ணுக்கே சொந்தமான தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. மைசூர் மாவட்டத்துத் தலைக்காடு சோழர் கைக்கு வந்தபோது இராசராசபுரம் என்று பெயர் பெற்றது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போசள விட்டுணுவர்த்தனன் அதை மீட்கும் வரை சோழர் ஆட்சி அங்கே நடந்தது. அதன் பிறகும் காவிரிக் கரைக் கோயில்களில் தமிழ் எழுத்து நிற்கவில்லை. மைசூர் அரசின் தொல்லியல் பணியில் இருந்த லூயி ரைஸ் ‘எபிகிராபியா கர்னாடிகா’ தொகுதிகளில் கன்னடத்தோடு இந்தத் தமிழ்க் கல்வெட்டுகளையும் அச்சேற்றினார். ஆக, நம் சொல்லின் பழைய ஆவணங்களில் ஒரு பங்கு காவிரியின் மேல்பகுதியிலேயே பிறந்தது.

நோக்கமே பெயர்

கல்வெட்டுகள் அறச்சொத்துக்கு ஒற்றைப் பெயர் சூட்டவில்லை. எதற்காகக் கொடுத்தார்களோ அதையே பெயராக்கின. சிவன் கோயிலுக்குரிய நிலம் தேவதானம். திருமால் கோயிலுக்குரியது திருவிடையாட்டம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்குரியது பள்ளிச்சந்தம். அந்தணர்க்கு அளித்தது பிரமதேயம். உணவு வழங்கும் சாலைக்கு விட்டது சாலாபோகம். மடத்துக்கு மடப்புறம், விளக்குக்குத் திருவிளக்குப்புறம், பூந்தோட்டத்துக்கு நந்தவனப்புறம், பொதுவான தருமத்துக்கு அறப்புறம். ஏரியைத் தூர்வாரிப் பராமரிக்க ஏரிப்பட்டி. போரிலோ ஊர் காக்கும் சண்டையிலோ உயிர்விட்டவரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி.

‘புறம்’, ‘போகம்’, ‘பட்டி’, ‘விருத்தி’ என்ற ஈறுகள் இது ஒதுக்கப்பட்ட சொத்து என்று சொல்லிவிடுகின்றன. முன்னால் நிற்கும் சொல் எதற்காக என்று சொல்லிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்கும் தான் உழும் நிலம் எதற்குக் கட்டுப்பட்டது என்பது பெயரைக் கேட்ட அளவில் விளங்கியிருக்கும். ஏரிப்பட்டியின் விளைச்சலை யாராவது கல்யாணச் செலவுக்கு எடுத்தால், அது தவறு என்று நிலத்தின் பெயரே சாட்சி சொல்லும்.

நிர்வாக முறையும் அதே துல்லியத்தோடு இருந்தது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு இடைவிடாமல் எரிய வேண்டும் என்றால் 96 ஆடுகள் விடுவது வழக்கம். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், மூப்படையும். மந்தை சாகக் கூடாது. ஆகவே அதற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். முதல் குறையாமல் இருக்க, பயன் மட்டும் செலவாக வேண்டும் என்ற நெறியை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பெயர் எதையும் நான் அறியேன். இன்றைய டிரஸ்ட் ஆவணங்கள் ‘கார்பஸ்’ என்றும் ‘மூலநிதி’ என்றும் பத்தி பத்தியாக எழுதுவது இந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலோ கொடைப் பணத்தை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி செலுத்தின. அந்த வட்டியில் கோயிலின் குறிப்பிட்ட செலவு நடந்தது.

செங்கல்பட்டு வட்டாரத்துத் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலை ஒட்டி நடந்த கல்விச்சாலையையும் மருத்துவமனையையும் விரிவாகப் பேசுகிறது. வீரசோழன் என்று பெயர் பெற்ற அந்த ஆதுலசாலையில் 15 படுக்கைகள். மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர், பணிப்பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதுவரை அதில் வரையறை உண்டு. ‘நல்ல காரியத்துக்கு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் அந்தக் கல்லில் இல்லை.

கோயிலில் கட்டளை

கோயில் வழக்கில் ‘கட்டளை’ குடியேறியது இந்த வரையறைப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். பாண்டியர் கல்வெட்டுகளில் மன்னன் பெயரால் ‘சந்தி’ என்ற சிறப்பு வழிபாடுகள் ஏற்பட்டன. பிற்காலத்தில், ஒரு பூசைக்கோ திருவிழாவுக்கோ அன்னதானத்துக்கோ தனியே சொத்து ஒதுக்கி, இத்தனை நாழி அரிசி, இத்தனை முழம் பூ, இத்தனை விளக்கு என்று படித்தரம் வகுத்து வைப்பது கட்டளை ஆயிற்று. ஏற்படுத்தியவர் கட்டளைதாரர். சைவ ஆதீனங்களில் இந்தச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் துறவி கட்டளைத் தம்பிரான்.

திருவாரூர்த் தியாகராசர் கோயில் கட்டளைகளுக்குப் பேர்போனது. ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை, உள்துறைக் கட்டளை என்று செலவின் வகைக்கேற்ப அங்கே தனித்தனிச் சொத்து, தனித்தனி நிர்வாகம். 1890களில் இக்கோயில் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வைத்திலிங்க பண்டார சந்நிதி வழக்கில், நீதிபதிகள் ‘கட்டளை’ என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு விளக்கினார்கள்: குறிப்பிட்ட செலவுக்குக் குறிப்பிட்ட சொத்தை ஒதுக்கித் தனி அறங்காவலரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு என்று. பிற்கால அறநிலையச் சட்டங்களும் இதைக் கோயிலின் பொதுச் சொத்திலிருந்து பிரித்துத் தனிவகைக் கொடையாகவே நடத்துகின்றன.

இங்கே கட்டளை இடுபவர் யார், அதற்குப் பணிபவர் யார் என்று கேட்டால் சொல்லின் ஆழம் தெரியும். கட்டளை வைத்தவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. வைத்த பிறகு, “மனம் மாறிவிட்டது, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று அவர் கேட்க முடியாது. அவருடைய மகனும் கேட்க முடியாது. அளவு வகுத்தவரையே அளவு கட்டிப்போடுகிறது.

அண்டை வீட்டுப் பெயர்கள்

இதே ஏற்பாட்டை மைசூரில் வழங்கும் மற்றப் பெயர்கள் வேறு வேறு பக்கத்திலிருந்து பார்க்கின்றன. பல்கலைக்கழகங்களில் ஒருவர் வைத்த நிதியின் வட்டியில் ஆண்டுதோறும் நடக்கும் பேருரையை நாம் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்கிறோம். மைசூரில் அதைத் ‘தத்தி உபன்யாச’ என்கிறார்கள். ‘தத்தி’ வடமொழிவழி வந்தது, கொடுத்தல் என்று பொருள். கன்னடம் கொடுக்கும் கையைப் பார்த்துப் பெயரிட்டது. தமிழ் கொடுத்தபின் நிற்கும் விதியைப் பார்த்துப் பெயரிட்டது.

‘முஜராயி’ கணக்குப் புத்தகத்திலிருந்து வந்த பெயர். ‘முஜ்ரா’ என்ற அரபு-பாரசீகச் சொல்லுக்கு வருவாய்க் கணக்கில் கழித்துக் கொடுப்பது என்று பொருள். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் உரிய படியை அரசு தன் நிலவரியில் கழித்து ஒதுக்கியது. அந்தக் கழிவைப் பார்த்துக்கொண்ட இலாகாவுக்கு அதுவே பெயராகி, மைசூர் சமஸ்தானத்தின் 1927ஆம் ஆண்டுச் சமய, அற நிறுவனங்கள் சட்டத்தையும் கடந்து, கர்நாடகத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. 1955இல் சமய, அற இனாம்களை ஒழிக்கும் சட்டம் வந்து நிலங்கள் போனபோது, ஈடாக ஆண்டுதோறும் அரசு தரும் தொகை ‘தஸ்திக்’ என்ற பெயரோடு தொடர்ந்தது. ஒரு பொதுநல அமைப்புக்கு வருமான வரியில் விலக்கு அளிக்கும்போது இன்றைய அரசு செய்வதும் ஒரு முஜ்ராதான். ஆகவேதான் கணக்கைக் கேட்கும் உரிமை அரசுக்கும், அரசின் வழியாகக் குடிமக்களுக்கும் வருகிறது.

‘வக்ஃப்’ என்ற அரபுச் சொல்லுக்கு நிறுத்தி வைத்தல் என்று பொருள். சொத்து கைமாறும் ஓட்டத்தை நிறுத்தி, அதை இறைவனுக்குரியதாக்கி, பயனை மட்டும் மக்களுக்கு விடுவது. மைசூரை அடுத்த சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கல்லறை மாடமான கும்பசைப் பேணும் சொத்து வக்ஃபு சொத்தே. ‘நியாச’ என்பதோ வடமொழித் தரும நூல்களில் ஒருவரை நம்பி அடைக்கலமாக வைத்த பொருளின் பெயர்.

சமஸ்தானம் இன்னொரு வழியும் கண்டது: கொடையாளரின் பெயரோடு பட்டத்தை ஒட்டிவைத்தது. மைசூரில் கல்வி நிலையங்களுக்குப் பெயர் தந்த பானுமையா ‘தர்மபிரகாச’ ஆனார். பெங்களூரில் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய தமிழர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் ‘தர்மரத்னாகர’ ஆனார். அவர் ஏற்படுத்திய கல்வி அறநிலையம் இன்றும் அந்தப் பட்டத்தைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது.

டிரஸ்ட் வந்த கதை

‘டிரஸ்ட்’ என்பது நம்பிக்கை, உறுதி என்ற பொருளில் பழைய வடஐரோப்பிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். நிலத்தை நண்பன் பெயரில் எழுதிவைத்து, ‘என் மனைவி மக்களுக்காகப் பார்த்துக்கொள்’ என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் இடைக்கால இங்கிலாந்தில் பரவியது. பொதுச் சட்டத்தின் கண்ணில் நிலம் நண்பனுடையது. அவன் ஏமாற்றினால் சான்சரி நீதிமன்றம் அவன் மனச்சான்றைப் பிடித்து உலுக்கியது. 1536ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழக்கத்தை முடக்கப் பார்த்தும் அது வேறு உருவில் வளர்ந்தது. எவையெல்லாம் அறநோக்கம் என்பதற்கு 1601ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரை ஒரு பட்டியல் தந்தது. 1891இல் பெம்சல் வழக்குத் தீர்ப்பு அதை நான்காகத் தொகுத்தது: வறுமை நீக்கம், கல்வி, சமயம், சமுதாயத்துக்கு நன்மை தரும் பிற பணிகள். நம் கல்வெட்டுகளின் சாலாபோகம், கல்விக்கான விருத்தி, தேவதானம், ஏரிப்பட்டி என்ற பெயர்களை அந்த நான்கு தலைப்புகளின் கீழ் வரிசையாக அடுக்கிவிடலாம்.

மைசூரில் இந்தச் சொல் நகரமைப்பின் வழியாகவும் வந்தது. பிளேக் நோய் நகரங்களை உலுக்கிய காலத்தில், நெரிசலான பேட்டைகளை விரிவாக்கவும் புதிய குடியிருப்புகளை அமைக்கவும் 1898இல் பம்பாயிலும் 1903இல் மைசூரிலும் ‘இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்’ அமைப்புகள் தோன்றின. மைசூரின் ‘சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போர்டு’ வகுத்த அகன்ற சாலைகளும் பூங்காக்களும் இன்றைய நகரின் உருவத்தில் தெரிகின்றன. 1988இல் அதன் இடத்துக்கு நகர வளர்ச்சி ஆணையம் வந்தது. துறைமுகங்களும் இதே பாணியில் ‘போர்ட் டிரஸ்ட்’ ஆயின. அதைச் சென்னையில் ‘துறைமுகப் பொறுப்புக் கழகம்’ என்று மொழிபெயர்த்தவர் யாரோ, சொல்லின் உள்ளடக்கத்தை நன்றாக உணர்ந்தவர். அறம் அங்கே இல்லை, பொறுப்பு இருக்கிறது என்று கண்டு ‘பொறுப்பு’ என்றே வைத்தார்.

எச்சரிக்கையாக ஒரு செய்தியும் உண்டு. இந்தியாவில் டிரஸ்ட் சட்டம் வந்த அதே 1882இல், அமெரிக்காவில் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் குழுமங்களின் பங்குகள் ஒரு ‘டிரஸ்ட்’ வசம் ஒப்படைக்கப்பட்டன. எண்ணெய்ச் சந்தை ஒரு கைக்குள் போனது. அதனால்தான் ஏகபோகத்தைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டங்களுக்கு ‘ஆன்டி டிரஸ்ட்’ என்று பெயர். இதை ‘அறக்கட்டளை எதிர்ப்பு’ என்று தமிழாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். டிரஸ்ட் என்பது ஒரு பிடிமான முறை. அதன் பயன் அறமாகவும் இருக்கலாம், வணிகமாகவும் இருக்கலாம்.

சட்டம் பிரிக்கும் வகைகள்

1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கு மட்டுமே உரியது. வக்ஃபுகளையும், சமய அறக்கொடைகளையும், பொதுநலக் கொடைகளையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டே அது தொடங்குகிறது. அது தரும் வரையறையின் சாரம் இது: ஒருவர் வைத்த நம்பிக்கையை இன்னொருவர் ஏற்றுக்கொள்வதால், பிறர் நன்மைக்காகச் சொத்துரிமையோடு ஒட்டிக்கொள்ளும் கடமை. ஏற்படுத்துபவர், பொறுப்பாளர், பயனாளி, சொத்து, நோக்கம் ஆகியவை தெளிவாக இருந்தால்தான் அது செல்லும். அசையாச் சொத்தானால் உயிலில் எழுதாதபோது பதிவு செய்த ஆவணம் வேண்டும். பொறுப்பாளர் அந்தச் சொத்தைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆவணத்திலோ உடன்பாட்டிலோ சொல்லியிருந்தால் ஒழிய ஊதியமும் கேட்கக் கூடாது.

இந்தத் தனியார் வகைக்குள் பல உட்பிரிவுகள். தமக்குப் பின் மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை யார் பார்ப்பார் என்று கலங்கும் பெற்றோருக்கு இது பெரிய துணை: வீட்டையும் சேமிப்பையும் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, பிள்ளையின் உணவு, மருந்து, இருப்பிடத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று எழுதிவைக்கலாம். வாழும்போதே ஏற்படுத்துவது ஒன்று, உயிலின் வழி இறந்தபின் உயிர்பெறுவது ஒன்று. பயனாளியின் பங்கை முன்பே குறித்துவிடுவது ஒரு முறை. யாருக்கு எவ்வளவு என்பதைப் பொறுப்பாளரின் முடிவுக்கு விடுவது மற்றொரு முறை. திரும்பப் பெறத்தக்கது, திரும்பப் பெற முடியாதது என்றும் பிரிவு உண்டு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியைச் சில நிறுவனங்கள் டிரஸ்ட் அமைத்துக் காக்கின்றன. பரஸ்பர நிதியங்களும் சட்ட உருவில் டிரஸ்டுகளே.

பொதுநல டிரஸ்ட் வேறு இனம். அதன் பயனாளி ஊர்; பெயர் சொல்லி எண்ண முடியாத மக்கள். மகாராட்டிரத்தில் இதற்கென்றே 1950ஆம் ஆண்டுச் சட்டமும் அறநிலைய ஆணையரும் உண்டு. மைசூரிலும் தமிழ்நாட்டிலும் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணத்தைப் பதிவு செய்தே தொடங்குகிறார்கள். நிர்வாகம் தடம் மாறினால், அக்கறையுள்ள இருவரோ பலரோ நீதிமன்ற அனுமதி பெற்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி வழக்குத் தொடுக்கலாம்.

இரண்டையும் பிரிக்கும் பெரிய கோடு காலம். சொத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டு யாரும் விற்க முடியாமல் செய்ய வீட்டு ஏற்பாட்டுக்கு உரிமை இல்லை. பொது அறத்துக்கு அந்த வரம்பு கிடையாது. கல்வெட்டுகள் அறக்கொடையின் ஆயுளைச் ‘சந்திராதித்தவல்’ என்று குறித்தன: நிலவும் ஞாயிறும் உள்ளவரை. இன்றைய சட்டமும் அந்த நீளமான ஆயுளைப் பொது அறத்துக்கு மட்டுமே தந்திருக்கிறது.

காலம் நீளும்போது நோக்கம் பழையதாகிவிடலாம். அப்போது மூல நோக்கத்துக்கு மிக நெருங்கிய வேறொரு நோக்கத்துக்குச் சொத்தைத் திருப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தம் உயிலில் கோயில் பணிகளுக்கும் அன்னதானத்துக்கும் செல்வத்தை ஒதுக்கினார். நீண்ட வழக்குக்குப் பின் நீதிமன்றம் அவர் சொன்ன தருமங்களுக்கு வேண்டியதை ஒதுக்கி, பெருகிய மிச்சத்தைக் கல்விக்குத் திருப்பியது. 1842இல் சென்னையில் பள்ளி பிறந்தது. கட்டளையின் அளவு குலையாமல் அறம் விரிந்ததற்கு இதைவிட நல்ல சான்று தமிழகத்தில் இல்லை.

பெயர் சுமக்கும் பாரம்

‘அறக்கட்டளை’ என்ற கூட்டுச்சொல்லைப் பரவலாக்கியது 20ஆம் நூற்றாண்டுத் தமிழ். தனித்தமிழ் உணர்வு ஓங்கிய காலத்தில் தர்மகர்த்தா அறங்காவலரானார். தேவஸ்தானங்களை மேற்பார்வையிடும் துறை அறநிலையத் துறையானது. அந்த வரிசையில் கோயிலின் ‘கட்டளை’, முன்னால் ‘அறம்’ சேர்த்துக்கொண்டு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரிய பெயராக வெளியே வந்தது. சிங்கப்பூரில் கோயில்களை நிர்வகிக்கும் அமைப்பும் ‘இந்து அறக்கட்டளை வாரியம்’ என்றே பெயர் கொண்டிருக்கிறது. நோக்கத்தை அறம் சொல்ல, வரையறையைக் கட்டளை சொல்ல, இரண்டும் சேர்ந்த பெயர் இது. பொதுநல டிரஸ்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த மொழியிலும் நான் பார்க்கவில்லை.

சிக்கல் பிறகு வந்தது. டிரஸ்ட் என்று எங்கே கண்டாலும் அறக்கட்டளை என்று மொழிபெயர்க்கும் பழக்கம் பரவிவிட்டது. ‘தனியார் அறக்கட்டளை’, ‘குடும்ப அறக்கட்டளை’ என்றெல்லாம் பத்திரங்களிலும் நாளிதழ்களிலும் வருகின்றன. குடும்பச் சொத்தைக் குடும்பத்துக்கே ஒதுக்குவது நியாயமான, சட்டம் ஒப்பும் ஏற்பாடு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அது அறக்கொடை அன்று. அதற்கு ‘அறம்’ என்ற பெயரைக் கொடுத்தால், ஊருக்காக எழுதிவைத்தவருக்கு உரிய மதிப்பை வீட்டுக்காக எழுதிவைத்தவர் எடுத்துக்கொள்கிறார். அதைவிடக் கேடு மறுதிசையில் வருகிறது: பொது அறக்கட்டளையை நடத்துபவர்களே அதை வீட்டு ஏற்பாடாக எண்ணத் தொடங்குகிறார்கள். தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் மருமகள் என்று தலைமை இறங்கும்போது, கணக்குக் கேட்கும் ஊராரைப் பார்த்து “எங்கள் டிரஸ்ட்” என்ற சொல் கூசாமல் வருகிறது.

இதற்கான மாற்றுச் சொல்லைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் டிரஸ்டை ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்றும், டிரஸ்டியை ‘நம்பிக்கைப் பொறுப்பாளர்’ என்றும் சொல்லிவருகிறார்கள். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அங்கே ‘நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம்’. அந்தப் பெயரில் உள்ள ‘கட்டளை’, சட்டத்தின் வகையைக் குறிப்பது; டிரஸ்டைக் குறிப்பது ‘நம்பிக்கைப் பொறுப்பு’. நம்பிக்கையும் உண்டு, பொறுப்பும் உண்டு, அறம் என்ற உரிமைகோரல் இல்லை. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்கு இது அச்சாகப் பொருந்துகிறது.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளைக்காகவோ, உடல்நலம் குன்றிய மகளுக்காகவோ, தொழிலாளர் நிதிக்காகவோ ஏற்படுத்துவதற்கு ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்றே பெயரிடுவோம். ஊருக்கும் பெயர் தெரியாத மக்களுக்கும் எழுதிவைப்பதற்கு மட்டும் ‘அறக்கட்டளை’யை வைத்துக்கொள்வோம். பத்திர எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் இதழாளர்களும் நினைத்தால் ஒரே தலைமுறையில் இந்த வழக்கு நிலைபெற்றுவிடும். அறக்கட்டளை தொடங்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆவணத்தில் ‘கல்வி மற்றும் சமூகப் பணிகள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதி விட்டுவிடாதீர்கள். எத்தனை மாணவர், எந்த ஊர், எவ்வளவு தொகை, கணக்கை யாரிடம் எப்போது காட்டுவது என்று அளவோடு எழுதுங்கள். அளவு இல்லாத இடத்தில் கட்டளை இல்லை. கட்டளை இல்லாத கொடை, நிர்வாகியின் விருப்பமாக முடிந்துபோகும்.